‘எலும்பு ஒல்லியா இருக்கு’ என்கிறாரா பல் டாக்டர்? இம்ப்ளான்ட் வைக்க முடியுமா, முடியாதா? முழு விவரம்

48 வயதுப் பெண்மணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருஷத்துக்கு முன்னால் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகி, பிடுங்கப்பட்டுவிட்டது. ‘பின்னாடி பல்தானே, யாருக்குத் தெரியப்போகுது’ என்று அப்படியே விட்டுவிட்டார். இப்போது மகள் கல்யாணம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. பல் கட்டிக்கொள்ளலாம் என்று கிளினிக் போகிறார்.

முதல் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு எலும்பு ரொம்ப ஒல்லியா இருக்கு, இம்ப்ளான்ட் வைக்க முடியாது" என்கிறார். இரண்டாவது இடத்தில், "அதெல்லாம் ஒண்ணும் பிரச்னை இல்லம்மா, மூணே நாள்ல பல் வெச்சு அனுப்பிடறோம்" என்கிறார்கள். மூன்றாவது இடத்திலோ, "முதல்ல எலும்பு வளர்க்கணும், ஆறு மாசம் ஆகும்" என்கிறார்கள்.

ஒரே வாய், மூன்று பதில்கள். இதில் யார் சொல்வது சரி? ஒல்லியான எலும்பில் இம்ப்ளான்ட் வைக்கவே முடியாதா? வைத்தால் நிற்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

இம்ப்ளான்ட் என்பது என்ன?

பல்லுக்கு மேலே தெரியும் பகுதி போலவே, எலும்புக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பகுதியும் முக்கியம். அந்த வேருக்குப் பதிலாக எலும்புக்குள் பொருத்தப்படும் டைட்டானியம் ஸ்க்ரூதான் இம்ப்ளான்ட். அது எலும்போடு நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு, அதன் மேல் ஒரு இணைப்புத் துண்டு வைத்து, அதற்கு மேல் பல் வடிவத்தில் கேப் மாட்டுவார்கள்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். சுவீடனைச் சேர்ந்த பேர்-இங்வார் பிரோனெமார்க் 1952-ல் முயல்களின் எலும்புக்குள் டைட்டானியம் கருவியைப் பொருத்தி ஆராய்ச்சி செய்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்கப் பார்த்தால், அது எலும்போடு ஒன்றாகிப்போயிருந்தது. இதை வைத்து 1965-ல் யோஸ்டா லார்ஷன் என்பவருக்கு முதன்முறையாகத் தாடையில் இம்ப்ளான்ட் பொருத்தினார். லார்ஷன் 2006-ல் இறக்கும்வரை, சுமார் 40 வருடங்கள் அந்தப் பற்கள் அவருக்கு உழைத்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இம்ப்ளான்ட்டைத் தாங்குவது பசையோ சிமென்ட்டோ அல்ல, சுற்றியுள்ள உயிருள்ள எலும்புதான். அந்த எலும்பு போதவில்லை என்றால், ஸ்க்ரூ எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

எலும்பு ஏன் ஒல்லியாகிறது?

பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்பு, பல்லுக்காகவே இருக்கும் எலும்பு. பல் போய்விட்டால் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பை உடல் மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

அதிலும் எலும்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கரைவதில்லை. கன்னத்தை ஒட்டியும் உதட்டை ஒட்டியும் இருக்கும் வெளிப்பக்கச் சுவர்தான் முதலில் கரையும். மேல்தாடையின் முன்பற்களில் இந்தச் சுவர் பலருக்கு 1 மி.மீ கூட இருக்காது. அதனால் எலும்பு உயரத்தில் குறைவதற்கு முன்பே அகலத்தில் குறைந்துவிடுகிறது. ரொம்ப நாள் விட்டால், மேடாக இருந்த தாடை கத்தி முனைபோல் ஆகிவிடும்.

எவ்வளவு வேகமாகக் குறையும்? 2003-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பின்பற்களில் ஒரு பல் பிடுங்கப்பட்ட 46 பேரை ஒரு வருடம் கண்காணித்தார்கள். சராசரியாக 12 மி.மீ இருந்த அகலம், ஒரே வருடத்தில் 5.9 மி.மீ ஆகிவிட்டது. அதாவது பாதி காணாமல் போய்விட்டது. அந்த இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துமுடிந்துவிட்டது.

‘புண் ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நாம் தள்ளிப்போடும் அந்த மாதங்களில்தான் எலும்பு வேகமாகப் போகிறது.

ஈறு நோயால் பல் ஆடி விழுந்தவர்களுக்கு, பல் விழும் முன்பே எலும்பு குறைந்திருக்கும். வருடக்கணக்கில் கழற்றி மாட்டும் பல் செட் போட்டிருப்பவர்களுக்கும் எலும்பு தொடர்ந்து தேயும். இந்தத் தேய்மானம் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் அதிகம். பல வருடங்களுக்குப் பிறகு ‘கீழ் செட்டு மட்டும் நிக்கவே மாட்டேங்குது’ என்று பெரியவர்கள் புலம்புவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

எத்தனை மி.மீ இருந்தால் போதும்?

இங்கேதான் ஒரு எளிய கணக்கு தேவைப்படுகிறது.

மெல்லிய பலகையில் தடித்த ஆணியை அடித்தால் என்ன ஆகும்? பலகை பிளந்துவிடும். எலும்பிலும் அதே கதைதான். வழக்கமான இம்ப்ளான்ட்டின் விட்டம் சுமார் 4 மி.மீ. அதைச் சுற்றி இரண்டு பக்கமும் குறைந்தது தலா 1 மி.மீ எலும்பு மிஞ்ச வேண்டும். 1.5 மி.மீ அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. ஆக, 6 முதல் 7 மி.மீ அகலம் தேவை.

பக்கத்துப் பல்லுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையே சுமார் 1.5 மி.மீ, இரண்டு இம்ப்ளான்ட்களுக்கு இடையே சுமார் 3 மி.மீ இடைவெளி விடுவதும் வழக்கம்.

அகலம் குறைவான எலும்பில் ஸ்க்ரூவை எப்படியோ திணித்துவிட்டால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயிலும் அழகாகவே தெரியும். ஆனால் வெளிப்பக்கம் மிஞ்சியிருக்கும் மெல்லிய சுவர் சில மாதங்களில் கரையும். ஈறு கீழே இறங்கும். ஸ்க்ரூவின் மரை வெளியே தெரியும். அங்கே அழுக்கு சேர்ந்து, சீழ் வைத்து, கடைசியில் இம்ப்ளான்ட்டே ஆட ஆரம்பிக்கும்.

அதனால், ஒல்லியான எலும்பில் ‘வைக்க முடியுமா’ என்பது பாதிக் கேள்விதான். ‘வைத்த பிறகு சுற்றிலும் எவ்வளவு எலும்பு மிஞ்சும்’ என்பதுதான் முழுக் கேள்வி.

சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாதா?

தெரியாது. இது பலருக்கும் தெரியாத விஷயம்.

வாய் முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரே, எலும்பின் உயரத்தைக் காட்டும். தடிமனைக் காட்டாது. ஒரு புத்தகத்தை நேருக்கு நேர் போட்டோ எடுத்தால் அட்டையின் உயரமும் நீளமும் தெரியும். ஆனால் அது 40 பக்க நோட்டா, 400 பக்க நாவலா என்று தெரியாது. அதே மாதிரிதான்.

எலும்பின் அகலத்தைத் தெளிவாகக் காட்டுவது சிபிசிடி எனப்படும் முப்பரிமாண ஸ்கேன். தாடையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல், எந்த இடத்தில் எத்தனை மி.மீ என்று அளக்கலாம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, நாக்குப் பக்கம் எலும்பில் குழிவு இருக்கிறதா என்பதும் தெரியும். அந்த நரம்பில் பட்டால் கீழ் உதடும் தாடையும் மரத்துப்போகலாம். நாக்குப் பக்கச் சுவரைத் துளைத்துவிட்டால் வாயின் அடித்தளத்தில் ரத்தக் கசிவு ஏற்படலாம்.

ஓபிஜியைவிட இதில் கதிர்வீச்சு அதிகம், வழக்கமான மருத்துவ சிடி ஸ்கேனைவிடக் குறைவு. ஒல்லியான எலும்பில் இந்த ஸ்கேன் இல்லாமல் திட்டம் போடுவது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

எலும்பு போதவில்லை என்றால் என்னென்ன வழிகள்?

1. மெல்லிய இம்ப்ளான்ட்

5 முதல் 6 மி.மீ அகலம் இருப்பவர்களுக்கு 3 முதல் 3.5 மி.மீ விட்டமுள்ள இம்ப்ளான்ட்களை யோசிக்கலாம். கூடுதல் அறுவை சிகிச்சை இல்லாமல் முடியும் என்பது இதன் பெரிய லாபம். டைட்டானியத்தோடு சிர்கோனியம் சேர்த்த உலோகக் கலவையிலும் மெல்லிய இம்ப்ளான்ட்கள் வருகின்றன. இவை மெல்லியதாக இருந்தாலும் வலு அதிகம்.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது சரிவராது. சிறிய வெட்டுப்பற்கள் இருக்கும் இடத்துக்கு நன்றாகப் பொருந்தும். கடைவாயில் கடிக்கும் அழுத்தம் பல மடங்கு அதிகம். அங்கே ஒற்றையாக ஒரு மெல்லிய ஸ்க்ரூவை நம்புவது ஆபத்து. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

3 மி.மீ-க்கும் குறைவான மினி இம்ப்ளான்ட்களும் உண்டு. ஒரு பல் கூட இல்லாத பெரியவர்களுக்கு, கழற்றி மாட்டும் செட்டு ஆடாமல் பிடித்துவைக்க இவை பெரும்பாலும் பயன்படுகின்றன.

2. எலும்பை விரித்து வைப்பது

பிளந்த மூங்கிலுக்குள் ஆப்பு இறக்கி அகலப்படுத்துவது போன்ற முறை இது. எலும்பின் உச்சியில் மெல்லிய கீறல் போட்டு, சிறு கருவிகளால் மெதுவாக விரித்து, நடுவில் கிடைக்கும் இடத்தில் இம்ப்ளான்ட்டை வைப்பார்கள். பெரும்பாலும் அதே நாளில் இம்ப்ளான்ட்டும் பொருத்திவிடலாம்.

இதற்கு எலும்பு குறைந்தது 3 மி.மீ இருக்க வேண்டும். இரண்டு கடினமான சுவர்களுக்கு நடுவே பஞ்சுபோன்ற எலும்பும் இருக்க வேண்டும். மேல்தாடை எலும்பு மென்மையானது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கீழ்த்தாடை கெட்டியானது, வளையாமல் உடைந்துவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் கீழ்த்தாடையில் இதைச் செய்யும்போது சிலருக்கு இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள்.

3. எலும்புத் தூள் வைத்து வளர்ப்பது

இன்று அதிகம் செய்யப்படும் முறை இதுதான். குறைந்துபோன இடத்தில் எலும்புத் துகள்களை நிரப்பி, அதன் மேல் ஒரு மெல்லிய சவ்வை விரித்து, ஈறை மூடித் தைத்துவிடுவார்கள்.

சவ்வு எதற்கு? ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். விட்டுவிட்டால் எலும்புக்கான இடத்தை ஈறு வந்து பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் வேலிதான் சவ்வு. உள்ளே வைக்கும் துகள்கள் கட்டடத்துக்குப் போடும் சாரம் மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டு நம் உடல் புது எலும்பைக் கட்டும்.

கொஞ்சம்தான் குறைகிறது, இம்ப்ளான்ட் உறுதியாக நிற்கிறது என்றால் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். நிறையக் குறைந்திருந்தால் முதலில் எலும்பு, 4 முதல் 9 மாதம் கழித்து இம்ப்ளான்ட்.

4. எலும்புத் துண்டு வைப்பது

3 மி.மீ-க்கும் குறைவாக, கத்தி முனைபோல் ஆகிவிட்டவர்களுக்குத் துகள் மட்டும் போதாமல் போகலாம். அப்போது அவர்களுடைய கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ, முகவாயிலிருந்தோ சிறு எலும்புத் துண்டை எடுத்து, ஒல்லியான இடத்தில் சின்ன ஸ்க்ரூவால் பொருத்துவார்கள். நம்முடைய எலும்பே என்பதால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எடுத்த இடத்திலும் ஒரு புண், வலி, வீக்கம் இருக்கும். சிலருக்கு மரத்துப்போகும் உணர்வும் வரலாம்.

மேலே சொன்ன அளவுகள் தோராயமானவை. எந்தப் பல், எலும்பின் வடிவம் எப்படி, ஈறு எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்து மருத்துவரின் முடிவு மாறும்.

‘எலும்புத் தூள்’ எங்கிருந்து வருகிறது?

இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம், கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நோயாளியின் சொந்த எலும்பு, தானமாகப் பெற்றுப் பதப்படுத்தப்பட்ட மனித எலும்பு, விலங்கு எலும்பு, கால்சியம் பாஸ்பேட் போன்றவற்றால் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது என்று நான்கு வகை உண்டு. விலங்கு வகையில் அதிகம் பயன்படுவது மாட்டு எலும்பு. பன்றியிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு. மேலே போர்த்தும் கொலாஜன் சவ்வும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து எடுக்கப்படுவதுதான்.

மத நம்பிக்கை, உணவுப் பழக்கம், மனச்சாட்சி என எந்தக் காரணத்தாலும் ஒருவருக்கு இதில் ஒன்று வேண்டாம் என்று தோன்றலாம். அதை முன்கூட்டியே சொன்னால் மாற்று வழியைத் திட்டமிடலாம். தையல் போட்ட பிறகு தெரிந்து வருத்தப்படுவதில் பயனில்லை.

யாருக்கு கூடுதல் எச்சரிக்கை தேவை?

சர்க்கரை நோயாளிகள்: சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடை இல்லை. கட்டுப்பாடு இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும், தொற்று வரும். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை முதலில் பார்க்க வேண்டும்.

புகைபிடிப்பவர்கள்: ஈறுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் தையல் பிரிவதும், வைத்த எலும்பு வீணாவதும் இவர்களுக்கு அதிகம்.

எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள்: வாரம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, வருடத்துக்கு ஒரு ஊசி என்று இந்த மருந்துகள் தரப்படுகின்றன. ‘அது முதுகெலும்புக்குத்தானே, பல் டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இவற்றில் சில மருந்துகளால் அறுவை செய்த தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் இருக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அளவில் இந்த அபாயம் குறைவு, புற்றுநோய்க்காகத் தரும் அதிக அளவில் கூடுதல். கட்டாயம் சொல்ல வேண்டும். அதே சமயம், யாரையும் கேட்காமல் அந்த மருந்தைத் தாங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது.

தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள்: இவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வளரும் பிள்ளைகள்: தாடை வளர்ச்சி முடியும்வரை இம்ப்ளான்ட் வைப்பதில்லை.

‘மூணு நாள்ல பல்’ விளம்பரங்களை நம்பலாமா?

உடனடியாகப் பல் பொருத்தும் முறைகள் மருத்துவத்தில் இருக்கவே செய்கின்றன. எலும்பு நன்றாக இருந்து, ஸ்க்ரூ உறுதியாகப் பிடித்திருந்தால் சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைக்கிறார்கள். மேல்தாடை எலும்பு மிக மோசமாகக் கரைந்துபோனவர்களுக்கு, கன்ன எலும்பு வரை செல்லும் நீளமான இம்ப்ளான்ட்களும் உண்டு.

ஆனால் இவை தேர்ந்தெடுத்த சிலருக்கான முறைகள். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, போனிலேயே ‘எல்லாருக்கும் மூணு நாள்’ என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் எலும்பைப் பார்த்துச் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இம்ப்ளான்ட்தான் ஒரே வழியா?

இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பக்கமும் பற்கள் இருந்தால் பிரிட்ஜ் போடலாம். சீக்கிரம் முடியும், எலும்பு வளர்க்கத் தேவையில்லை. ஆனால் பக்கத்துப் பற்களைச் செதுக்க வேண்டும். ஏற்கெனவே அவற்றில் பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் பிரிட்ஜ் நல்ல தேர்வு. அவை ஆரோக்கியமான பற்கள் என்றால் யோசிக்க வேண்டும்.

கழற்றி மாட்டும் பல் செட், செலவு குறைந்த வழி. ஒரு பல் கூட இல்லாதவர்களுக்கு, கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து செட்டை அதில் மாட்டும் முறை உண்டு. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வாக இதைத்தான் பரிந்துரைத்தார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

* பல் வைக்கப்போகும் இடத்தில் எலும்பின் அகலம் எத்தனை மி.மீ? ஸ்கேனில் காட்ட முடியுமா?
* எத்தனை மி.மீ விட்டமுள்ள இம்ப்ளான்ட்? வைத்த பிறகு வெளிப்பக்கம் எவ்வளவு எலும்பு மிஞ்சும்?
* எலும்புத் தூளும் சவ்வும் எதிலிருந்து எடுக்கப்பட்டவை?
* மொத்தம் எத்தனை அறுவை சிகிச்சை, எத்தனை மாதம்?
* ஸ்கேன், எலும்புத் தூள், சவ்வு, ஸ்க்ரூ, இணைப்புத் துண்டு, கேப் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செலவு எவ்வளவு? எழுதித் தர முடியுமா?
* தோல்வி அடைந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?
* பொருத்திய இம்ப்ளான்ட்டின் பெயர், அளவு அடங்கிய விவரத்தைத் தருவீர்களா? (பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ரிப்பேர் செய்ய இது உதவும்.)

இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் நம்பிப் போகலாம்.

பல் பிடுங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

இன்னும் பல் பிடுங்காதவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிடுங்கும் அன்றே அந்தக் குழியில் எலும்புத் துகள்களை நிரப்பி மூடிவைக்கும் முறை உண்டு. இதனால் எலும்பு குறைவதை முழுசாகத் தடுக்க முடியாவிட்டாலும், நன்றாகவே குறைக்க முடியும். பின்னால் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படாமலும் போகலாம். ‘பிடுங்கிட்டா அடுத்து என்ன செய்யப்போறோம்?’ என்ற கேள்வியை, பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெண்மணி என்ன செய்யலாம்?

தொடக்கத்தில் பார்த்த 48 வயதுப் பெண்மணிக்கு ஸ்கேனில் 4.5 மி.மீ அகலம் என்று வைத்துக்கொள்வோம். ‘முடியவே முடியாது’ என்பதும் சரியில்லை, ‘மூணே நாள்’ என்பதும் சரியில்லை. அது கடைவாய் என்பதால் மெல்லிய ஸ்க்ரூவை ஒற்றையாக நம்ப முடியாது. எலும்பு வளர்த்து, சில மாதம் காத்திருந்து இம்ப்ளான்ட் வைப்பது ஒரு வழி. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால் பிரிட்ஜ் இன்னொரு வழி. இரண்டுமே நியாயமான தேர்வுகள்தான். ‘ஆறு மாசம் ஆகும்’ என்று சொன்ன மூன்றாவது டாக்டர் அவரை அலைக்கழிக்கவில்லை, எலும்பை அளந்து சொல்லியிருக்கிறார்.

ஒருவேளை ஒரு டாக்டர் ‘முடியாது’ என்றால், ஸ்கேனை எடுத்துக்கொண்டு இன்னொரு கருத்து கேட்பதில் தவறில்லை. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தாடை அறுவை சிகிச்சை, ஈறு சிகிச்சை, செயற்கைப் பல் ஆகிய மூன்று பிரிவு நிபுணர்களும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள் என்பதால், இப்படிப்பட்ட சிக்கலான நிலைகளுக்கு அங்கே போவது நல்லது.

கடைசியாக ஒன்று. இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் ஈறு நோய் வரும், எலும்பு கரையும். தினமும் இரண்டு வேளை பிரஷ் செய்வது, பல் இடுக்குகளைச் சுத்தம் செய்வது, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனைக்குப் போவது ஆகிய மூன்றும் தவறாமல் இருந்தால்தான், கஷ்டப்பட்டு வளர்த்த எலும்பும் அதில் வைத்த பல்லும் நிலைக்கும்.

(இந்தக் கட்டுரையில் உள்ளவை பொதுவான தகவல்கள் மட்டுமே. சிகிச்சை குறித்த முடிவுகளைப் பதிவு பெற்ற பல் மருத்துவரின் ஆலோசனைப்படி எடுக்கவும்.)